யானை (3): அப்பா களிறு என்கிறார், கட்டம் ஒத்துவரவில்லை

ஜெராக்ஸ்கடை:

வணக்கம். எனக்குக் குறுக்கெழுத்துப் பழக்கம் கிடையாது. அப்பாவுக்காகக் கேட்கிறேன்.

அப்பா 31 வருஷம் பஸ் கண்டக்டராக ஓடி ஓய்வு பெற்றவர். ஞாயிறு இணைப்பில் வரும் குறுக்கெழுத்தை முடிக்காமல் அவருக்கு மதியச் சாப்பாடு இறங்காது. போன மாதம் ஒரு கண்ணில் புரை எடுத்தார்கள். இன்னொரு கண்ணுக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. புதுக் கண்ணாடி வரும்வரை பொடி எழுத்து எதுவும் பிடிபடாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை நான் குறிப்பை வாசிப்பேன், அவர் விடை சொல்லுவார், நான் கட்டத்தில் எழுதுவேன். பென்சிலில் எழுதவா என்று முதல் நாளே கேட்டேன். "இன்வாய்ஸ்ல அடிச்சுத் திருத்தினா மெமோதான். பேனாவுலயே எழுது" என்றார். இன்வாய்ஸ் என்பது கண்டக்டர் டிக்கெட் கணக்கு எழுதும் தாள். சரி என்று பேனாவிலேயே எழுதுகிறேன்.

இந்த வாரம் வலது மேல் மூலையில் மாட்டிக்கொண்டோம். குறிப்புகளை அப்படியே தருகிறேன்.

இடமிருந்து வலம் 3: யானை (3)
மேலிருந்து கீழ் 3: காட்டில் உறுமும், மலைச்சரிவில் பூக்கும் (3)
இடமிருந்து வலம் 8: மதுரையில் முழம் போட்டு விற்பது (4)
கீழிருந்து மேல் 12: புற்றில் கிடக்கும், காதில் விழும் (4)

யானை என்று வாசித்து முடிக்கவில்லை, அப்பா "களிறு" என்று சொல்லிவிட்டார். க, ளி, று. மூன்று கட்டம் சரியாக நிறைந்தது. அந்தக் "க"விலிருந்து கீழே இறங்குவது மேலிருந்து கீழ் 3. காட்டில் உறுமுவது, க-வில் தொடங்குவது, மூன்றெழுத்து: கரடி. அதையும் எழுதியாயிற்று. கரடி எங்கே பூக்கும் என்று கேட்டேன். "கவிதையா எழுதியிருப்பான், நீ எழுது" என்றார்.

இப்போது 8. மதுரையில் முழம் போட்டு விற்பது மல்லிகை. இதில் எனக்கே சந்தேகமில்லை. ம, ல், லி, கை என்று நான்கு கட்டமும் சரியாக வருகிறது. ஆனால் அதன் கடைசிக் கட்டமும் கரடியின் கடைசிக் கட்டமும் ஒன்று. அங்கே "டி" உட்கார்ந்திருக்கிறது. மல்லிகைக்கு டி எங்கிருந்து வரும்?

12-க்கு அப்பா எறும்பு என்கிறார். புற்றில் இருக்கும், தூங்கினால் காதுக்குள்ளும் விழும் என்று விளக்கம் வேறு. கீழிருந்து மேலே எழுதினால் கடைசி எழுத்து "பு" களிறின் "று"மேல் போய் விழுகிறது. "புதிர் போட்டவனுக்குத் தமிழ் தெரியல" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். மதியம் சாம்பாரை அப்படியே வைத்துவிட்டார்.

புதிர் தப்பா, அப்பா தப்பா? யாராவது சொன்னால் இரவுச் சாப்பாட்டுக்காவது எழுப்பலாம்.

சும்மாவந்தவன்:

அடுத்த ஞாயிறு விடை போடுவார்களே. ஒரு வாரம் பொறுத்தால் போச்சு.

ஜெராக்ஸ்கடை:

ஒரு வாரம் எங்கள் வீட்டில் வந்து இருந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கட்டம்247:

நான் ஒரு சின்ன இதழுக்கு மாதம் ஒரு புதிர் போடுகிறவன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: இங்கே முதல் குற்றவாளி புதிர் போட்டவர்தான். "யானை (3)" என்று மொட்டையாகக் கொடுப்பது சோம்பேறித்தனம். தமிழில் யானைக்கு மூன்றெழுத்துப் பெயர் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். களிறு, வேழம், தும்பி, கயம், இபம், அத்தி, கைம்மா. இப்போதைக்கு ஞாபகம் வந்தது ஏழு. இரண்டெழுத்தில் கரி, ஆனை, பிடி. நான்கில் வாரணம், உம்பல், நால்வாய். நிகண்டைப் புரட்டினால் இன்னும் வரும்.

இதில் இபம், கயம் எல்லாம் ஞாயிறு இணைப்பு வாசகர்மேல் எறியக்கூடாது என்பது என் கட்சி. நிகண்டை மனப்பாடம் செய்தவருக்குப் புதிர் தேவையில்லை, மற்றவருக்கு அந்தச் சொல் தேவையில்லை. தும்பி மட்டும் விதிவிலக்கு. அது வண்டுக்கும் பெயர், யானைக்கும் பெயர். "பூவில் உட்காரும், உட்கார்ந்தால் பூ இருக்காது (3)" என்று ஒருமுறை போட்டேன். எனக்குப் பிடித்த குறிப்பு. வந்த விடைகள் நாலே நாலு.

உங்கள் மூலையைப் பார்த்தேன். விடை தெரிந்துவிட்டது. சொல்லவா?

பழைய_புரூஃப்:

தம்பி கட்டம்247, தயவுசெய்து சொல்லாதீர்கள். பெரியவர் படுத்திருக்கிறார். விடையோடு எழுப்பினால் எழுந்து உட்காருவார், சாப்பிட மாட்டார். அவரே கண்டுபிடித்தால்தான் பசிக்கும்.

ஜெராக்ஸ் கடை அம்மாவுக்கு: நான் அச்சகத்தில் புரூஃப் பார்த்துக் கண் தேய்ந்தவன். அப்புறம் 11 வருஷம் ஒரு மாதப் பத்திரிகைக்குக் குறுக்கெழுத்து போட்டேன், ஒன்றுக்கு 15 ரூபாய். அதனால் அப்பாவின் கோபமும் தெரியும், புதிர் போட்டவர் பாடும் தெரியும்.

நீங்கள் எழுதியதை வாசித்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. நாலு குறிப்பில் எதில் உங்களுக்குச் சந்தேகமே இல்லை? மல்லிகை. நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் சந்தேகமில்லாத விடையை ஓரமாக நிற்க வைத்துவிட்டு, சந்தேகத்துக்குரிய களிறைப் பேனாவால் எழுதிவிட்டீர்கள். முதலில் வாசித்த குறிப்புக்கு முதலில் எழுத வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? பஸ்ஸில் முதலில் ஏறியவருக்கு முதல் டிக்கெட் என்கிற பழக்கம் இங்கே உதவாது.

மல்லிகையை உட்கார வையுங்கள். அங்கிருந்து மேலே போங்கள். அப்பாவிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒலி மரபு படித்திருப்பார், யானை பிளிறும், குதிரை கனைக்கும், நரி ஊளையிடும், அந்த வரிசையில் உறுமுவது எது? இரண்டு, அதே பெயரில் ஒரு மரம் உண்டா? "கை"யில் முடிய வேண்டும். இதற்கு மேல் நான் வாய் திறக்க மாட்டேன்.

களிறைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. களிறு என்றால் ஆண் யானை. பிடி என்றால் பெண் யானை. கவனமாகப் புதிர் போடுகிறவர் மனதில் களிறு இருந்தால் "ஆண் யானை" என்றுதான் குறிப்பு எழுதுவார். வெறும் யானை என்று போட்டிருப்பதே களிறு இல்லை என்பதற்கு ஒரு அடையாளம். இதை அப்பாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள். புரூஃப் அறையில் ஆசிரியரிடம் பிழையைச் சொல்வது போல, "நீங்கள் சொன்னதும் சரிதான், ஆனாலும்" என்று ஆரம்பியுங்கள்.

இன்னொன்று. 12 ஏன் கீழிருந்து மேலே போகிறது என்று அப்பா யோசித்தாரா? பலர் இதை வாசகனைக் குழப்பப் போட்டவர் செய்யும் குறும்பு என்று நினைக்கிறார்கள். குறும்பு இல்லை, தலைவிதி. ஆங்கிலத்தில் 26 எழுத்து. இரண்டு சொல்லை எடுத்தால் பெரும்பாலும் எங்கேயாவது ஓரெழுத்து பொதுவாக மாட்டும். நமக்கு 247. ம வேறு கட்டம், மா வேறு கட்டம், ம் வேறு கட்டம். அதோடு, புள்ளி வைத்த எழுத்தில் எந்தத் தமிழ்ச் சொல்லும் தொடங்காது. முடிவதோ பாதிக்குப் பாதி ம், ல், ர், ன் என்று புள்ளியில்தான். இப்போது வலது மேல் மூலையை மனக்கண்ணில் கொண்டு வாருங்கள். குறுக்கே போகும் சொல் அங்கே முடிகிறது. கீழே இறங்கும் சொல் அங்கேதான் தொடங்கியாக வேண்டும். முடிவு ம் என்றால் ம்-இல் எதைத் தொடங்குவது? வேறு வழியில்லாமல் இரண்டாவது சொல்லைத் தலைகீழாக நிறுத்தி, அதுவும் அந்த மூலையில் வந்து முடியும்படி செய்வோம். அதுதான் கீழிருந்து மேல். இடது கீழ் மூலையில் இதே கதைதான், அங்கே அது வலமிருந்து இடம் ஆகும்.

ஆகவே அந்த மூலையில் கீழிருந்து மேல் என்று பார்த்தவுடன், மூலைக் கட்டத்தில் சொல் தொடங்க முடியாத எழுத்து நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். களிறின் "று"வும் அப்படிப்பட்ட எழுத்துத்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் பந்தயம் கட்டுவதென்றால் ம் மேல் கட்டுவேன்.

இந்தத் திசைகளால் நான் பட்ட பாடும் ஒன்று உண்டு. ஒரு தீபாவளி இதழில் வலமிருந்து இடம் போக வேண்டிய மூன்று குறிப்பு இடமிருந்து வலம் தலைப்பின் கீழ் அச்சாகிவிட்டது. அடுத்தவன் எழுத்துப்பிழையைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன் நான், என் புதிரின் புரூஃபை நானே பார்த்தேன், கண்ணில் படவில்லை. அஞ்சலட்டை மட்டும் 40-க்கு மேல் வந்தது. ஒருவர் ஒரே வரி எழுதியிருந்தார்: "ஐயா, தங்களுக்கு வலக்கை எது?"

ஜெராக்ஸ்கடை:

ஐயா, சாப்பிட்டுவிட்டார்! நடந்ததைச் சொல்கிறேன்.

ஏழு மணிக்குக் காபியோடு எழுப்பினேன். நேராகக் களிறு பக்கம் போகவில்லை. "அப்பா, உறுமுறது எது?" என்றேன். "புலி" என்றார். "கரடி?" "கரடி கத்தும். யார் உறுமும்னு சொன்னது?" நீங்கள்தான் என்று சொல்லவில்லை. பிறகு, "அப்பா, புலிப் பேர்ல மரம் ஏதாவது உண்டா?" என்று கேட்டதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். சிறுமலை ரூட்டில் மூன்று வருஷம் ஓடியிருக்கிறார். "வேங்கை. வெட்டினா ரத்தம் மாதிரி பால் வரும்" என்றார். சொல்லிவிட்டு அவரே விரலை மடக்கி எண்ணினார். வே, ங், கை. "கையிலதான முடியுது?" என்று என்னிடமே கேட்டார்.

அப்புறம் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வே-வில் தொடங்கும் யானை. "வேழம்" என்று அடுத்த நொடியே வந்தது. மூலையில் ம். புற்றில் கிடக்கும், காதில் விழும், ம்-இல் முடியும் நாலெழுத்து. இதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தார். வாசலில் யாரோ செருப்பை இழுத்துக்கொண்டு போனார்கள். "என்ன அரவம்?" என்று கேட்டவர் அப்படியே நிறுத்திவிட்டார். எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. "பாம்பும் அரவம், சத்தமும் அரவம், எழுது எழுது" என்கிறார். அ, ர, வ, ம். கீழிருந்து மேலே போய் வேழத்தின் ம்-இல் உட்கார்ந்துவிட்டது.

இரண்டு இட்லி கூடுதலாகப் போனது.

கட்டத்தின் நிலைமைதான் பரிதாபம். க-வை வே ஆக்கி, ளி-யை ழ ஆக்கி, று-வை ம் ஆக்கி, மூலை முழுக்க ஒரே மைக்கறை. இப்படி ஒரு இன்வாய்ஸ் கொடுத்திருந்தால் டிப்போவில் ஏற்றுக்கொண்டிருப்பார்களா என்று கேட்டேன். பதில் இல்லை.

ஆனால் ஒன்றை விடமாட்டேன் என்கிறார். "களிறும் யானைதான். அதுவும் சரியான விடை. பரிசுப் போட்டியா இருந்தா கேஸ் போட்டிருப்பேன்." இதற்கு என்ன சொல்வது?

கட்டம்247:

வேங்கை மரக் குறிப்புக்காக முதலில் திட்டியதைப் பாதி வாபஸ் வாங்குகிறேன். நல்ல குறிப்பு. வேங்கைப் பூ உதிர்ந்து கிடக்கும் பாறை புலிக்குட்டி போலத் தெரிகிறது என்று குறுந்தொகையிலேயே ஒரு பாட்டு உண்டு. அங்கே "குட்டி" என்று வராது, "குருளை" என்று வரும். அதுவும் கட்டத்துக்கு உதவும் சொல், மூன்றெழுத்து.

யானை குறிப்பு மட்டும் இன்னமும் சோம்பேறித்தனம்தான். காளமேகம் அந்தக் காலத்திலேயே யானையையும் வைக்கோலையும் ஒரே வெண்பாவில் கட்டிப்போட்டார். இரண்டும் களத்தில் அடிக்கும், அல்லது அடிபடும். இரண்டும் கோட்டைக்குள் போகும். இரண்டுக்கும் போரில்தான் சிறப்பு. வைக்கோலுக்குப் போர் என்றால் குவியல், யானைக்குப் போர் என்றால் சண்டை. "போரில் சிறப்பது" என்று குறிப்பு கொடுத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையே ஓடிவிடும். இவ்வளவு சொத்தை வைத்துக்கொண்டு "யானை (3)" என்று எழுத எப்படி மனசு வருகிறது?

என்னிடம் யாராவது கேட்டால் ஓரெழுத்துச் சொற்களிலிருந்து தொடங்கச் சொல்வேன். நன்னூல் 42 கணக்குக் கொடுக்கிறது. ஆ பசு, கா சோலை, கோ அரசன், மா விலங்கு, நா நாக்கு, ஏ அம்பு, சே எருது, வீ மலர், சோ மதில். தனியாக ஒரு கட்டத்தில் இவற்றைப் போட முடியாது, ஆனால் பெரிய சொல்லைப் பிளக்கக் கோடரி மாதிரி உதவும். "அரசன் ஆயுதம் எடுத்தால் கும்பிடலாம் (3)". கோ, பிறகு வில். கோவில். நான் போட்டதிலேயே அதிகம் பேர் கண்டுபிடித்தது இதுதான், கண்டுபிடித்தவர்கள் எல்லாம் சொந்தமாகச் செய்தது போலச் சந்தோஷப்பட்டார்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை, யாராவது கணினியில் புதிர் செய்ய நினைத்தால். எழுத்து எண்ணும் வேலையை அதனிடம் கொடுத்துவிடாதீர்கள். தமிழ் என்று கொடுத்தால் 5 என்று சொல்லும். மி-யின் கொக்கியையும் ழ-வின் புள்ளியையும் தனி எழுத்தாக எண்ணிவிடும். நான் முதலில் செய்த புதிரில் எல்லாச் சொல்லும் கட்டத்தை விட்டு வெளியே நின்றது. இப்போது அப்பா மாதிரி விரல் மடக்கித்தான் எண்ணுகிறேன்.

வளவு_யாழ்:

கனகாலமாக வாசிக்கிறேன், இன்றுதான் எழுதுகிறேன். அக்கா, உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம்.

என் அம்மம்மாவும் இப்படித்தான், ஆனால் பிரச்சினை வேறு. அவவுக்குத் தமிழ்நாட்டுப் பத்திரிகைக் குறிப்பு கொடுத்தால் பாதி மூலை நிறையாது. கிழமைக்குப் பக்கத்தில் எழுதுவது என்று கேட்டால் எங்களுக்குத் திகதி, மூன்று கட்டம். உங்களுக்குத் தேதி, இரண்டு கட்டம். உட்காருவதற்கு நாலுகால் என்றால் நாங்கள் கதிரை என்று மூன்றோடு நிற்போம், கட்டம் நாற்காலிக்கு நாலு கேட்கும். அம்மம்மா ஒருமுறை நாலாவது கட்டத்தைப் பேனையால் கறுப்பாக அடித்துவிட்டு, "இப்ப சரி" என்றவ.

திகதியில் ஒரு வசதி உண்டு. ஐயா சொன்ன நாலு திசையில் எதிலிருந்து வாசித்தாலும் அது திகதிதான். புதிர் போடுகிற அண்ணாமார் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம், எங்கள் பக்கத்து அன்பளிப்பு.

பழைய_புரூஃப்:

தம்பி, திகதியை எடுத்துக்கொண்டேன். விகடகவி மாதிரி இன்னொன்று வேண்டுமென்று எத்தனையோ இரவு உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன், இது தோன்றவே இல்லை.

ஜெராக்ஸ் கடை அம்மா, அப்பாவின் கேஸ் விஷயத்துக்கு வருகிறேன். அவர் விளையாட்டாகச் சொன்னாலும் அது பழைய வழக்கு. ஒரு காலத்தில் குறுக்கெழுத்துப் போட்டி என்றால் நுழைவுக் கட்டணம், பெரிய பரிசுப் பணம் என்று ஓடியது. சூது எங்கே இருந்தது என்றால், நம் யானை மாதிரிக் குறிப்பில்தான். இரண்டு சொல்லும் பொருந்தும் குறிப்பாகப் பார்த்துக் கொடுப்பார்கள். வெட்டும் எழுத்தும் இரண்டுக்கும் ஒத்துவரும்படி அமைத்துவிடுவார்கள். உறைக்குள் வைத்து மூடிய விடையில் எது இருக்கிறதோ அதை எழுதியவருக்குத்தான் பரிசு. களிறு எழுதியவர் தமிழில் குறைந்தவர் இல்லை, சீட்டு அந்தப் பக்கம் விழவில்லை, அவ்வளவுதான். அப்படி ஒரு பத்துக் குறிப்பு இருந்தால் என்ன ஆகும்? ஒவ்வொன்றுக்கும் இரண்டு விடை, மொத்தம் 1,024 விதமாகக் கட்டத்தை நிரப்பலாம். ஒரே ஆள் நூறு கூப்பன் வாங்கி மாற்றி மாற்றி நிரப்பி அனுப்புவது அதனால்தான்.

1955-இல் நாடாளுமன்றம் பரிசுப் போட்டிகள் சட்டம் கொண்டுவந்தது. அதில் குறுக்கெழுத்துப் பரிசுப் போட்டி என்று பெயரைச் சொல்லியே எழுதியிருக்கிறது. மாதத்துக்கு மொத்தப் பரிசு 1,000 ரூபாயைத் தாண்டக்கூடாது, அதற்குள் நடத்தவும் உரிமம் வேண்டும், ஒரு போட்டிக்கு வரும் விடைத்தாள்களின் எண்ணிக்கை 2,000-ஐத் தாண்டக்கூடாது. 1957-இல் சமர்பாக்வாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் தெளிவாக்கியது. முடிவைப் பெரும்பாலும் திறமை தீர்மானித்தால் அந்தப் போட்டி இந்தச் சட்டத்துக்குள் வராது, அதிர்ஷ்டம் தீர்மானித்தால்தான் வரும் என்று.

அப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள். வெறும் "யானை (3)" மட்டும் தனியாக நின்றிருந்தால் அவர் கேஸ் ஜெயிக்கும். ஆனால் இந்தக் கட்டத்தில் வேங்கையின் வே ஒரு பக்கம் சாட்சி, அரவத்தின் ம் இன்னொரு பக்கம் சாட்சி. தும்பி, கயம், இபம் எல்லாம் அந்த இரண்டு சாட்சியில் அடிபட்டுப் போகின்றன. தள்ளுபடிதான் ஆகும்.

கட்டம்247 தம்பிக்கும் இதே பதில். குறிப்பு மொட்டையாக இருந்தால் தப்பில்லை, சுற்றி வெட்டும் எழுத்து கெட்டியாக இருந்தால் போதும். உங்கள் "போரில் சிறப்பது" அழகுதான். ஆனால் 49 கட்டத்தில் எல்லாக் குறிப்பும் அழகாக இருந்தால் வாசகன் மூச்சு விடுவது எங்கே? யானை என்று ஒன்றைச் சும்மா போட்டுவிட்டு வேங்கையில் கைவரிசையைக் காட்டியிருக்கிறார். எனக்கென்னவோ விவரமான ஆள் என்றுதான் படுகிறது.

கட்டம்247:

இபம் பற்றிய என் கருத்தை மட்டும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

பழைய_புரூஃப்:

ஒரு முறை வலது மூலையில் இ, நடுவில் ப, அதற்குப் பக்கத்தில் ம் என்று மாட்டிக்கொண்டு ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்து பாருங்கள். இபத்தின் அருமை தெரியும்.

ஜெராக்ஸ்கடை:

அடுத்த ஞாயிறும் முடிந்தது. இந்த வாரம் கொஞ்சம் புத்தியாக இருந்தேன். சனிக்கிழமை கடை அடைக்கும் முன் போன வாரக் கட்டத்தை வைத்து 141 சதவீதத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏ4 அளவு ஏ3 ஆகும் அதே கணக்குதான். அப்பாவுக்கு அது போதவில்லை. ஞாயிறு காலை இணைப்பு வந்ததும், பெரிதாக்கியதையே இன்னொரு தடவை பெரிதாக்கிக் கட்டத்தை மட்டும் முழுத் தாளில் எடுத்தேன். ஒரு கட்டம் தீப்பெட்டி அளவுக்கு வந்துவிட்டது. இரண்டு பிரதி. ஒன்று பென்சிலுக்கு, ஒன்று பேனாவுக்கு. பென்சில் தாளுக்கு "டிராஃப்ட்" என்று பெயர் வைத்தார், அதனால் மானம் போகவில்லையாம். புரை எடுத்த கண்ணால் அவரே எழுதினார். ழ-வுக்கு மட்டும் கட்டம் பத்தவில்லை.

ஐயா சொன்ன சட்டத்தை வாசித்துக் காட்டினேன். 1955 என்றதும் "நான் பொறக்கவே இல்ல" என்றார். தள்ளுபடி என்றதற்கு, மேல்முறையீடு உண்டா என்று கேட்கச் சொன்னார்.

அப்புறம் ஒன்று. உங்களுக்கெல்லாம் நன்றி சொல்ல அவரே ஒரு குறிப்பு செய்திருக்கிறார். மூன்று நாள் யோசித்தார். போடுகிறேன்:

ஒன்று கொடுத்தால் நிற்கும், இரண்டு கொடுத்தால் போகும் (3)

சும்மாவந்தவன்:

ஊதல்?

ஜெராக்ஸ்கடை:

அப்பாவிடம் சொன்னேன். "எந்தக் கண்டக்டர் அதை ஊதல்னு சொல்றான்?" என்று கேட்டார். பிறகு பழைய புரூஃப் ஐயா கேஸ் போட்டுவிடுவார் என்று பயந்து, நடுக் கட்டத்தில் சி வரும் என்று எழுதச் சொன்னார்.